ஆடுவோர் அறிந்து பாட்டு

பங்குக் குருவானவர் ஒருவருக்கும் சல்சா நடனத்திற்கும் என்ன உறவு என்று வாசகர் சிலர் வியப்புறக்கூடும். பெரிய உறவு ஒன்றும் இல்லை. நமக்கு ஆடத் தெரியாது. கற்றுக்கொள்ளும் எண்ணமும் நமக்கு எழுந்ததில்லை. ஆயினும் 2012ஆம் ஆண்டு தொடங்கி மூன்றாண்டுக் காலம், நியூயார்க் மாநகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஸ்பானிய மொழி பேசும் மக்கள் நிறைந்த ஒரு பங்கில் துணைக் குருவாகப் பணியாற்ற நம் ஆயர் நம்மை அனுப்பியிருந்தார். அங்கே ஒரு பருவம் முழுதும் பிறர் ஆடுவதற்குரிய பாட்டைத் தேர்ந்து கொடுக்கும் பொறுப்பு நம் தலையில் வந்து விழுந்தது. அதனை எவ்வாறு கெடுத்தோம், பின்னர் எவ்வாறு ஓரளவு கற்றோம் என்பதையே இங்கு எழுதுகிறோம்.

அந்தக் கோயிலின் அடியில் ஒரு நிலவறை மண்டபம் உண்டு. தவக்காலம் நீங்கலாக, வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்கு அங்கே நாற்காலிகளைச் சுவரோரமாக ஒதுக்கிவிட்டு மக்கள் ஆடுவர். மூத்தோரும் இளையோரும், நேற்றுக் கற்றவரும் நாற்பது ஆண்டுகளாக ஆடுபவரும் ஒரே தரையில் நிற்பர். இசைக்குப் பொறுப்பாளர் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். போர்ட்டோ ரிக்கோத் தீவில் பிறந்து, இளமையில் நியூயார்க் வந்து, தையல் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். பாட்டி என்னும் பொருள்பட எல்லோரும் அவரை 'அபுவேலா' என்றே அழைத்தனர். ஒலிபெருக்கியின் அருகே ஒரு நாற்காலி, காலடியில் இரண்டு அட்டைப் பெட்டிகள் நிறையக் குறுந்தகடுகள், மணிக்கட்டில் பழைய கைக்கடிகாரம். இவையே அவருடைய அரியணையும் ஆட்சியும்.

2013ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் அபுவேலாவுக்கு முழங்காலில் அறுவை மருத்துவம் நடந்தது. ஏழெட்டு வாரங்கள் அவரால் படியிறங்க இயலாது. "பாத்ரே, பெட்டிகளை உங்களிடம் ஒப்படைக்கிறேன்" என்று சொல்லியனுப்பினார். நாமும் தயங்காமல் ஏற்றோம். குருமடத்தில் ஆர்மோனியம் பயின்றவர், கிரகோரியன் இசையின் குறிகளைப் பார்த்த மாத்திரத்தில் பாடக்கூடியவர், பாடகர் குழுவைப் பல ஆண்டுகள் நடத்தியவர் என்ற செருக்கு நம்மிடம் இருந்தது. நல்ல பாட்டு எது, அல்லாதது எது என்று நமக்குத் தெரியாதா?

அந்த முதல் வெள்ளிக்கிழமையை நினைத்தால் இன்றும் நாணம் மேலிடுகிறது. சல்சா இசையில் புகழ்பெற்றவை எவையெனக் கேட்டறிந்து, பெட்டியிலிருந்து பொறுக்கி வைத்திருந்தோம். வில்லி கொலோனும் ரூபன் பிளேட்ஸும் 1978இல் வெளியிட்டுப் பெரும் விற்பனை கண்ட 'சியெம்பிரா' என்னும் தட்டின் முதற்பாட்டோடு தொடங்கினோம். 'பிளாஸ்திகோ' என்பது அதன் பெயர். பகட்டு வாழ்வை எள்ளும் பாட்டாதலின், வேண்டுமென்றே டிஸ்கோ இசைபோல் தொடங்கிப் பின்னரே சல்சாவாக மாறும் வண்ணம் அதனை அமைத்துள்ளனர். நமக்கு அது தெரியாது. இணை இணையாகக் கைகோத்து நின்றவர்கள், எந்த அடியில் தொடங்குவதென்று அறியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றனர். அடுத்து, அரங்கம் உற்சாகம் பெறட்டும் என்று செலியா குரூஸும் ஜானி பச்சேகோவும் 1974இல் பதிவுசெய்த 'கிம்பாரா'வைப் போட்டோம். முழவுகளின் முழக்கத்தோடு காட்டாறு போல் விரையும் பாட்டு அது. தேர்ந்த நான்கு இணைகள் நடுத்தரையைப் பிடித்துக்கொண்டு சுழன்றனர். ஏனையோர் ஒவ்வொருவராகச் சுவரோரத்து நாற்காலிகளுக்குத் திரும்பினர்.

திரும்ப வழியின்றி நடுவில் அகப்பட்டுக்கொண்டவர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதை நெருங்கியவர். உணவகமொன்றின் சமையற்கட்டில் நாளெல்லாம் நின்று வேலை செய்பவர். எக்குவடோர் நாட்டின் மலைப்பகுதியிலிருந்து வந்தவராகையால் சல்சா அவருக்குத் தாய்ப்பாலோடு வந்த இசையன்று. (ஸ்பானிய மொழி பேசுவோர் அனைவரும் பிறவியிலேயே சல்சா ஆடுவர் என்று நாம் எண்ணியிருந்தது எத்துணைப் பேதைமை!) அவருடைய மனைவியே ஆட்டத்தில் வல்லவர், போர்ட்டோ ரிக்கோ நாட்டவர், அபுவேலாவின் செல்லப்பிள்ளை. இரண்டாண்டுகளுக்கு முன் புற்றுநோயால் இறந்துவிட்டார். அக்டோபர் இறுதியில் அவர்களுடைய ஒரே மகளுக்குப் பதினைந்தாம் பிறந்தநாள் விழா. 'கின்சியானேரா' எனப்படும் அவ்விழாவில் மகளோடு தந்தை ஆடுவது மரபு. அதன் பொருட்டே, தம் வாழ்நாளில் முதன்முறையாக, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அன்று மண்டபத்திற்கு வந்திருந்தார்.

விரைந்தோடும் பாட்டில் அவருடைய கால்கள் தடுமாறின. மகளின் பாதத்தை மிதித்தார். பின்னால் சுழன்று வந்த இணையொன்று அவர்மேல் மோதிற்று. மகள் சிரித்தாள், பதினான்கு வயதுப் பிள்ளை, வெட்கத்தால் சிரித்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு, நாற்காலியில் கிடந்த மேலங்கியை எடுத்துப் படியேறிப் போய்விட்டார். நாமோ அடுத்த தட்டைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் அபுவேலாவின் இல்லத்திற்குச் சென்றோம். செய்தி நமக்கு முன்னரே அங்கு சென்றிருந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. "என்னென்ன போட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார். சொன்னோம். "எல்லாம் நல்ல பாட்டுகள்தாம், பாத்ரே. யாருக்கு நல்லவை என்று பார்த்தீர்களா?" என்றார். பின் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி நம் முன் வைத்தார்.

வாசகர் புரிந்துகொள்வதற்காக இங்கே சற்று விளக்க வேண்டும். சல்சா ஆடுவோர் எட்டு எண்ணிக்கை கொண்ட வட்டமாக அடியெடுத்து வைப்பர். ஒன்று, இரண்டு, மூன்றில் மூன்று அடிகள், நான்கில் நிறுத்தம். ஐந்து, ஆறு, ஏழில் மூன்று அடிகள், எட்டில் நிறுத்தம். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களுக்குப் பழகிய நம் செவிக்கு எண்ணிக்கை புதிதன்று. அபுவேலாவின் அளவுகோல் இதுதான்: கடிகாரத்தின் நொடிமுள் கால் வட்டம் செல்வதற்குள், அதாவது பதினைந்து நொடிகளுக்குள், எத்தனை எட்டுகள் ஓடுகின்றன என்று எண்ண வேண்டும். ஐந்து எட்டுகள் ஓடினால் புதியவருக்குரிய பாட்டு. ஆறு ஓடினால் சில திங்கள் பழகியவருக்கு. ஏழு ஓடினால் தேர்ந்தவருக்கு. பின்னர் நாம் கணக்கிட்டுப் பார்த்தோம்: ஐந்து எட்டு என்பது நிமிடத்திற்கு 160 தட்டு; ஆறு என்பது 192; ஏழு என்பது 224. நடனப் பள்ளிகள் எந்திரம் வைத்து அளப்பதை அந்த மூதாட்டி ஒரு பழைய கடிகாரத்தால் அளந்துகொண்டிருந்தார்.

"அப்படியானால் நான்கு எட்டு ஓடும் பாட்டு புதியவருக்கு இன்னும் எளிதன்றோ?" என்று வினவினோம். அவர் தலையை அசைத்தார். மிக மெதுவான பாட்டில் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையே உடலைத் தாங்கி நிற்க வேண்டும். அதற்குத் தனித் தேர்ச்சி வேண்டும். புதியவர் பொறுமையிழந்து பாட்டை முந்திக்கொண்டு ஓடிவிடுவார் என்றார். மிதிவண்டியை மிக மெதுவாக ஓட்டிப் பார்த்தவர்கள் இதனை உணர்வர்.

வேகம் ஒன்றே எல்லாமன்று என்பதை அடுத்துச் சொன்னார். புதியவரின் முதல் துன்பம் 'ஒன்று' எங்கே விழுகிறது என்று தெரியாமையே. சல்சாவின் அடிநாத வீணை, நம் காதுகள் எதிர்பார்ப்பதுபோல் முதல் தட்டில் விழுவதில்லை. அதற்கு முன்னரே வந்து இழுத்துக்கொண்டு, முதல் தட்டைப் பெரும்பாலும் வெறுமையாக விட்டுவிடும். கருநாடக இசை அறிந்தோர் அதீத எடுப்பு என்பதை நினைத்துக்கொள்ளலாம். அதனைப் பின்பற்றி அடிவைப்பவர் எப்போதும் தவறான இடத்திலேயே நிற்பார். கிளாவே எனப்படும் இரு கட்டைகளின் ஐந்து தட்டுகளே இந்த இசைக்கெல்லாம் முதுகெலும்பு. அவை ஒரு பாதியில் மூன்றும் மறுபாதியில் இரண்டுமாக விழும். ஆனால் பல பதிவுகளில் அந்தக் கட்டைகள் ஒலிப்பதே இல்லை. இசைவாணர் அனைவரும் மனத்துள் அதனை வைத்துக்கொண்டு வாசிப்பர். மனத்துள் இருப்பதைப் புதியவர் எவ்வாறு கேட்பார்?

"மணி தெளிவாகக் கேட்கும் பாட்டாகப் பாருங்கள்" என்றார் அபுவேலா. பாங்கோ என்னும் சிறு முழவுகளை வாசிப்பவர், பாட்டின் பிற்பகுதியில் அவற்றைக் கீழே வைத்துவிட்டுக் கையளவு மணியொன்றை எடுத்துக் கோலால் தட்டுவார். அதன் கனத்த ஓசை ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகிய தட்டுகளில் விழும். புதியவரின் காலுக்கு அதைவிடத் துணை வேறில்லை. நெடிய காங்கா முழவும் உதவும். நான்கிலும் எட்டிலும் அது 'தும்தும்' என இருமுறை திறந்த ஒலி எழுப்பும். "கதவை இருமுறை தட்டுகிறார்கள், அடுத்து நீங்கள் உள்ளே வரவேண்டும்" என்று அவர் விளக்கியதை நாம் மறப்பதற்கில்லை. மணியும் காங்காவும் தெளிவாய் ஒலிக்கும் நடுத்தரப் பாட்டு, அவை அடங்கி ஒலிக்கும் மெதுவான பாட்டைவிட எளிது. இதற்கு அவர் காட்டிய சான்று 'சான் சான்'. கியூபாவின் கொம்பாய் செகுந்தோ இயற்றி, 1997இல் வெளிவந்த 'புவேனா விஸ்தா சோஷியல் கிளப்' தட்டால் உலகெங்கும் பரவிய பாட்டு. அமைதியாய் நடைபோடும்; கேட்கக் கேட்க இனிக்கும். ஆனால் புதியவர் அதில் 'ஒன்று' எதுவெனத் தேடிக்கொண்டே நிற்பார் என்பது அபுவேலாவின் தீர்ப்பு. பிற்பாடு நாம் மண்டபத்தில் போட்டுப் பார்த்தபோது அவ்வாறே நடந்தது.

ஆடுவோரின் காலைப் பார்த்துப் பாட்டை அமைப்பது புதிய வழக்கமன்று என்பதற்கு அவர் சொன்ன ஒரு வரலாறு நம்மைப் பெரிதும் கவர்ந்தது. 1950களின் தொடக்கத்தில் ஹவானா நகரில் 'ஒர்க்கெஸ்தா அமெரிக்கா' என்னும் குழுவில் என்ரிக்கே ஹொரின் என்பவர் வயலின் வாசித்துவந்தார். தட்டுக்குத் தட்டு இடறும் தாளங்களில் மக்கள் காலடி தடுமாறுவதை மேடையிலிருந்தவாறே கண்டார். மக்களைக் குறைகூறாமல் தம் பாட்டைத் திருத்தினார்: இடறல்களைக் குறைத்து, மெட்டு நேர்த்தட்டுகளில் விழுமாறு எழுதினார். ஆடியவர்கள் தரையில் உரசிய மூன்று விரைவடிகளின் ஓசையிலிருந்தே 'சா-சா-சா' என்னும் பெயர் பிறந்தது. 1953இல் பதிவான 'லா எங்கஞாதோரா' அவ்வகையின் முதல் புகழ்பெற்ற பாட்டு. வரலாற்றைச் சொல்லி முடித்து அபுவேலா நம்மைப் பார்த்த பார்வையின் பொருள் நமக்கு விளங்காமலில்லை.

அவர் இவற்றைக் கற்ற இடம் பள்ளிக்கூடமன்று. மன்ஹாட்டனில், பிராட்வேயும் 53ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில், 'பலேடியம்' என்னும் நடன மண்டபம் இருந்தது. மச்சித்தோ, தித்தோ புவேந்தே, தித்தோ ரொத்ரீகஸ் ஆகிய மூவரின் குழுக்கள் அங்கே ஒன்றையொன்று விஞ்ச முயன்று வாசித்தன. இத்தாலியர், யூதர், கறுப்பர், போர்ட்டோ ரிக்கர் என்ற வேறுபாடின்றி மக்கள் கூடினர். புதன்கிழமைகளில் முதலில் பாடம், பின்னரே ஆட்டம். 1966இல் அது மூடப்படும்வரை, தையல் ஆலையில் பெற்ற கூலியிலிருந்து மிச்சம் பிடித்து அபுவேலா அங்கே சென்றுவந்தார். வாசிப்பவர்கள் தங்கள் கருவிகளைப் பார்ப்பதைவிட ஆடுவோரின் பாதங்களையே மிகுதியாகப் பார்த்தனர் என்பார் அவர்.

நாம் விடைபெறும் முன் இன்னும் இரண்டு செய்திகள் சொன்னார். பாட்டின் நீளத்தைப் பார்க்க வேண்டும். ஹெக்தோர் லவோ பாடிய 'எல் காந்தாந்தே' பத்து நிமிடத்திற்கு மேற்பட்டது, அரிய பாட்டுத்தான், ஆனால் மூன்றே அடிகள் தெரிந்த ஒருவர் முன்பின் அறியாத துணையோடு பத்து நிமிடம் நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். நான்கு நிமிடத்தில் முடிந்தால் நன்றி கூறி விலகலாம், மானம் பிழைக்கும். அடுத்தது, சொற்களைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் சிரித்துவிட்டார். ஏனெனில் முதல் வெள்ளியன்று, அதே 'சியெம்பிரா' தட்டிலிருந்து 'பெத்ரோ நவாஹா'வையும் நாம் போட்டிருந்தோம். ஏழு நிமிடத்திற்கும் மேலாக, ஒரு தெருப்போக்கிரியும் ஒரு விலைமகளும் ஒருவரையொருவர் கொன்று வீழும் கதையைக் கூறும் பாட்டு அது. மெட்டின் இனிமையில் மயங்கி, பங்குக் குருவே பிள்ளைகள் நடுவில் அதனை ஒலிக்கச் செய்தார் என்று ஊரெல்லாம் பேச்சாகியிருந்ததாம்.

திருந்திய மாணவரைப்போல் இரண்டாம் வெள்ளிக்கிழமை சென்றோம். பகலெல்லாம் கடிகாரமும் கையுமாக அமர்ந்து, ஐந்து எட்டுப் பாட்டுகளாகவே இருபதைத் தேர்ந்து வைத்திருந்தோம். புதியவர்கள் மகிழ்ந்தனர். ஆனால் ஒன்பது மணியளவில் தேர்ந்த இணைகள் நான்கும் மேலங்கிகளை மாட்டத் தொடங்கின. அவர்களுள் அஞ்சல்துறை ஊழியரான ஓர் இளைஞர் நம்மருகே வந்து, "பாத்ரே, எங்களைத் தாலாட்டுகிறீர்களா?" என்று பணிவோடு கேட்டார். அவர்கள் போன பின்னர்தான் இழப்பின் அளவு தெரிந்தது. புதியவரும் புதியவரும் இணைந்தால் இருவருள் யாருக்கும் வழி தெரிவதில்லை. மண்டபம் பத்து மணிக்கு முன்னரே ஓய்ந்தது. நாம் எதிர்பார்த்திருந்த சமையற்காரரும் அன்று வரவில்லை.

தேர்ந்தவர் பாட்டில் தேடுவது வேறு. எண்ணிக்கை அவர்களின் காலில் ஊறிவிட்டது. அதனைக் காட்டிக்கொடுக்கும் மணி அவர்களுக்குத் தேவையில்லை. திடீரென இசை நின்று மீளும் இடைவெட்டுகள், ஊதுகருவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவரும் 'மம்போ' பகுதி, பாடகரும் குழுவினரும் மாறி மாறி விடையிறுக்கும் 'மொந்துனோ', டிம்பாலெஸ் வாசிப்பவரின் தனியாவர்த்தனம் ஆகியவற்றையே அவர்கள் நாடுவர். இடைவெட்டில் சரியாக நின்றுவிட்டால் அவர்கள் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும். அதே இடைவெட்டு புதியவருக்கோ படிக்கட்டில் ஒரு படி இல்லாததுபோல். 1969இல் ஹுவான் ஃபொர்மெல் தொடங்கிய 'லோஸ் வான் வான்' போன்ற கியூபக் குழுக்களின் பிற்காலப் பாட்டுகள் இத்தகைய திருப்பங்கள் நிறைந்தவை. அவற்றைப் போட்டால் நம் மண்டபத்தில் இரண்டே இணைகள் தரையில் எஞ்சும். தேர்ச்சியின் எல்லையைக் காண வேண்டுமானால் கொலம்பியாவின் காலி நகரைச் சொல்வார்கள். 1960களில் அந்நகர மக்கள், 33 சுற்று வேகத்திற்கென அமைந்த இசைத்தட்டுகளை 45 சுற்றில் ஓடவிட்டு ஆடினர். அவ்விரைவே அந்நகரின் தனிப்பாணியாயிற்று. முதல் அடியை ஒன்றில் வைப்பதா இரண்டில் வைப்பதா என்று நியூயார்க் பாணியினரும் லாஸ் ஏஞ்சலஸ் பாணியினரும் வாதிடுவதும் உண்டு. அந்த வழக்கில் நாம் தீர்ப்புக் கூறப்போவதில்லை.

இனி என்ன செய்வது? மீண்டும் அபுவேலாவிடம் சென்றோம். இம்முறை அவர் பாட்டுகளைப் பற்றிப் பேசவில்லை, வரிசையைப் பற்றிப் பேசினார். முதல் ஒரு மணி நேரம் ஐந்து எட்டுகள். அந்நேரத்தில் தேர்ந்தவர் எவரும் தம் இணையோடு ஆடக்கூடாது. புதியவரை அழைத்து ஆட வேண்டும். இது அவர் வகுத்த பழைய சட்டம். நாம் அறியாமல் மீறிவிட்டோம். இரண்டாம் மணியில் ஆறு எட்டுகள். ஒவ்வொரு மூன்று பாட்டுக்கும் பின் ஒரு மெரெங்கே. அது நடைபோடத் தெரிந்த எவரும் ஆடக்கூடிய இரண்டடி ஆட்டம். அல்லது ஒரு பொலேரோ. முதிய இணைகள் எழுந்து மெல்ல அசைவதற்காக. இறுதி ஒரு மணி தேர்ந்தவருக்கு. அப்போது ஏழு எட்டுகளை அவிழ்த்துவிடலாம். புதியவர் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக் கற்பர். "முதல் மணியில் தங்களுக்கு உதவியவர்கள் இப்போது பறப்பதை அவர்கள் பார்க்கட்டும்" என்றார்.

இதைக் கேட்டபோது நம் பாடகர் குழு நம் நினைவுக்கு வந்தது. பயிற்சி பெற்ற நால்வரின் குரலுக்கு ஏற்பச் சுருதியை உயர்த்திவிட்டு, மக்கள் ஏன் வாய் திறந்து பாடுவதில்லை என்று எத்தனை ஞாயிறுகள் நாம் மேடையிலிருந்து கடிந்திருக்கிறோம்! அந்த மக்கள் மேலங்கியை எடுத்துக்கொண்டு போகவில்லை, வாய்மூடி நின்றனர், அவ்வளவே வேறுபாடு.

மூன்றாம் வெள்ளி ஓரளவு சீராக நடந்தது. ஞாயிறு மாலை நாம் அந்தச் சமையற்காரரின் இல்லம் தேடி ஐந்து மாடி ஏறினோம். அவர் நம்மை உபசரித்துக் காப்பி தந்தார். ஆனால் ஆட்டத்தைப் பற்றிப் பேச விரும்பவில்லை. விழாவில் ஒரு மெதுவான வால்ட்ஸ் மட்டும் போதும் என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். குற்றம் அவருடையதன்று, பாட்டைத் தேர்ந்த நம்முடையது என்று சொன்னோம். ஒரு குருவானவர் தம்மிடம் மன்னிப்புக் கேட்பதை அவர் எதிர்பார்க்கவில்லை போலும்; திகைத்துப் போனார். அப்போது உள்ளறையிலிருந்து வந்த மகள், "வால்ட்ஸ் வேண்டாம் அப்பா. அம்மாவின் பாட்டுத்தான் வேண்டும்" என்றாள். அவர் எழுந்து சன்னலருகே போய் நின்றுகொண்டார்.

அம்மாவின் பாட்டு எதுவென அந்தப் பகுதியில் கேட்கத் தேவையில்லை. செலியா குரூஸ் 1998இல் பாடிய 'வாழ்க்கை ஒரு திருவிழா' என்னும் பொருள்படும் பாட்டு அது. 2003இல் அவர் மறைந்தபோது புனித பேட்ரிக் பேராலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்தது; அவர் துயில்வதும் நம் பிராங்க்ஸிலுள்ள உட்லான் கல்லறையில்தான். கடிகாரத்தை வைத்து எண்ணினோம். ஆறு எட்டும் அதற்குச் சற்று மேலும். மூன்றடி தெரிந்தவருக்கு நான்கு வாரத்தில் எட்டாத பாட்டு. வேறொன்றைச் சொல்லிப் பார்க்கலாமா என்று அபுவேலாவிடம் கேட்டோம்.

"பாட்டை மாற்ற முடியாது, பாத்ரே. அவள் தாயின் பாட்டு" என்றார் அவர். சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் நாற்காலியின் கையில் தட்டிக்கொண்டிருந்தார். பாட்டு முழுவதையும் மனத்துள் ஓடவிட்டுப் பார்த்தார் என்று பின்னர் அறிந்தோம். கண்ணைத் திறந்து, "அவர் முழுப்பாட்டும் ஆட வேண்டியதில்லை. தொடக்கத்தில் அவள் தனியாக நிற்கட்டும்; பாடத் தொடங்கும்போது அவர் சேரட்டும்; சிற்றடிகள், சுழற்சி வேண்டாம். குழுவினர் சேர்ந்து பாடும் பகுதி வந்ததும் நாங்கள் எல்லோரும் தரையில் இறங்கிவிடுவோம். கூட்டத்தில் யார் காலையும் யாரும் பார்க்கமாட்டார்கள். அவர் விரும்பினால் விலகிக்கொள்ளலாம்" என்றார்.

நான்கு வாரங்கள் அவர் வந்தார். முதல் வாரம் முழுதும் சா-சா-சா தான். ஆடுவதற்கன்று, தித்தோ புவேந்தேயின் 'ஓயே கோமோ வா'வைக் கேட்டுக்கொண்டே மண்டபத்தைச் சுற்றி நடப்பதற்கு. இரண்டாம் வாரம் ஐந்து எட்டு. மூன்றாம் வாரம் ஐந்தரை, அத்தகைய பாட்டு நான்கே அகப்பட்டன, அவற்றையே திரும்பத் திரும்பப் போட்டோம், மற்றவர்கள் பொறுத்துக்கொண்டனர். 'தாலாட்டுகிறீர்களா' என்று கேட்ட அஞ்சல்துறை இளைஞரே தம் துணைவியை அவரோடு ஆடவிட்டு, எதிரே நின்று எண்ணிக் காட்டினார். நான்காம் வாரம் அந்தப் பாட்டைப் போட்டோம். இரண்டு இடங்களில் தவறினார். ஆனால் மேலங்கியை எடுக்கவில்லை.

விழாவன்று அபுவேலா கைத்தடியோடு படியிறங்கி வந்து தம் பழைய நாற்காலியில் அமர்ந்தார். பாட்டை இயக்கும் பொறுப்பை மட்டும் நம்மிடமே விட்டுவிட்டார். ஊதுகருவிகள் முழங்கின, வெண்ணிற ஆடையில் மகள் நடுவில் நின்றாள், செலியாவின் குரல் எழுந்ததும் அவர் சென்று அவள் கையைப் பிடித்தார். அவருடைய உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தது நமக்குத் தெரிந்தது. மகளின் விரல் அவர் தோளில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. குழுவினரின் குரல் எழுந்த கணத்தில் அபுவேலா கைத்தடியை உயர்த்தினார். நான்கு இணைகளும் அவர்களுக்குப் பின்னே முப்பது பேரும் தரையில் இறங்கினர். அதன்பின் அவரை நாம் காணவில்லை. விலகிச் சுவரோரம் வந்திருப்பார் என்று தேடினோம், அங்கும் இல்லை. பாட்டு முடிந்து கூட்டம் விலகியபோது நடுவில் வியர்வை சொட்ட நின்றுகொண்டிருந்தார். மகள் காலணியைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடியும் மிதித்துவிட்டார்" என்றார் அபுவேலா. பின்னர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கைத்தடியால் நம் பக்கம் தள்ளினார். "இப்போது ஏழு போடுங்கள், பாத்ரே. இளைஞர்கள் காத்திருக்கிறார்கள்."